லேமினேஷன் போட்ட பங்குப் பத்திரம்

எங்கள் ஊரில் காகிதத்துக்கு எதிரி ஈரம்தான். மலைமேல் இருக்கும் பண்ணைக்காட்டில் மழைக்காலம் வந்தால் பீரோவுக்குள் பூட்டிவைத்த ரேஷன் கார்டில்கூடப் பூஞ்சை பிடிக்கும். அதனால் முக்கியமான தாள் எது கைக்கு வந்தாலும் மறுநாளே என் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இறந்தவர் போட்டோ என்று நான் லேமினேஷன் போடாதது எதுவும் இல்லை. அந்த மிஷின்தான் எனக்குச் சோறு போட்டது. அதை வைத்தே என் அக்கா குடியைக் கெடுத்தேன். சுற்றி வளைப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீட்டுக்காரர் இறந்த மறு வருடம், காப்பியும் மிளகும் வாங்கி விற்க ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கக் கொட்டகையும், காயப்போடக் களமும் வேண்டியிருந்தது. தார்ரோட்டை ஒட்டி, வற்றாத ஊற்றோடு இருந்த இடம் அக்காவுடையது ஒன்றுதான். ஒரு ஏக்கரை எழுதிக் கொடுத்தாள். விலை கொடுக்கக் கம்பெனியிடம் பணம் இல்லை. பதிலுக்கு முன்னுரிமைப் பங்குகள் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை சிறு தொகை வரும், ஓட்டு கிடையாது. ஆனால் அவள் விரும்பும்போது அவற்றைச் சாதாரணப் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டால் கம்பெனி வளர வளர அவள் பாகமும் வளரும். அந்த ஏக்கருக்கு உண்மையான விலை இந்த மாற்றும் உரிமைதான்.

மாற்றினால் வருடாந்திரத் தொகை நின்றுபோகும். அதனால் மகள் படிப்பு முடியட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

பங்குப் பத்திரம் வந்த அன்று ஜாக்கெட்டுக்குள் மடித்து வைக்காமல், நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். பச்சைக் கரை போட்ட கெட்டித் தாள். “தம்பி, இத நல்லா போட்டுக் குடு. என் நெலம்ல இது” என்றாள். உள்ளதிலேயே கனமான உறையாகப் பார்த்துப் போட்டேன். தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமை வேறு பேசினேன். பின்பக்கத்தில் காலிக் கட்டங்கள் இருந்தன. எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை.

போன வருடம் கம்பெனியிலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டுப் பெரிய கம்பெனி ஒன்றோடு எங்கள் கம்பெனி இணைகிறது. சாதாரணப் பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதுக் கம்பெனியின் பங்குகள் கிடைக்கும். முன்னுரிமைப் பங்கு வைத்திருப்பவர்கள் குறித்த தேதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்; தவறினால் நிலம் வாங்கிய அன்று பத்திரத்தில் எழுதிய தொகையை மட்டும் கொடுத்துப் பங்கை ரத்து செய்துவிடுவார்கள். மீதி இருந்தது பன்னிரண்டு நாள்.

நிலம் கொடுத்தபோது போட்ட பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். கம்பெனி வேறொன்றோடு சேர்ந்தாலும் இந்த உரிமை புதுக் கம்பெனியிலும் தொடரும் என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும், தேதியும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. அந்த வரி இல்லை. அந்த ஒப்பந்தத்தை ஆறு நகல் எடுத்தவன் நான். பக்கம் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, ஒரு வரி படிக்கவில்லை.

மறுநாள் வெள்ளனே ஜீப்பில் பெருமாள்மலை போய், அங்கிருந்து பஸ் பிடித்து அக்காவும் நானும் பழனியில் இறங்கினோம். பஞ்சாமிர்தக் கடை மாடியில்தான் கம்பெனி ஆபீஸ். அங்கிருந்த பெண் விண்ணப்பத்தைச் சரிபார்த்தாள், பத்திரத்தை வாங்கினாள், திருப்பினாள், நகத்தால் சுரண்டினாள்.

“என்ன சார் இது? பின்னாடி கட்டத்துல சீல் வச்சு, கையெழுத்துப் போட்டுத்தான் மாத்த முடியும். பிளாஸ்டிக் மேல எப்படிங்க வைக்கிறது?”

“தனித் தாள்ல எழுதி இதோட பின் பண்ணிக்கங்க மேடம்.”

“சேருற கம்பெனிக்காரங்க ஒரிஜினல்லதான் வேணுங்கிறாங்க. இல்லன்னா தொலைஞ்சுபோச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்து, பேப்பர்ல விளம்பரம் போட்டு, புதுசா வாங்கணும். அது தேதிக்குள்ள முடியாது. அதுவுமில்லாம, கையில வச்சுக்கிட்டே தொலைஞ்சதுன்னு எப்படிங்க எழுதுவீங்க?”

கெஞ்சினேன், கத்தினேன், மறுபடி கெஞ்சினேன். அவள் பாவம், தண்ணீர் கொடுத்தாள். பக்கத்துத் தெரு வக்கீல், ஆட்சேபம் சொல்லும் கூட்டம் போன மாதமே முடிந்துவிட்டது என்றார். கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் தேதிக்குள் தடை கிடைப்பது கஷ்டம் என்று கையை விரித்தார். அந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்ததா என்று அக்காவிடம் கேட்டேன். “நோட்டீசு வந்துச்சுப்பா. பழம் எடுக்க ஆள் விட்ட நாளு. தலைக்கு மேல சோலி கெடந்துச்சு” என்றாள்.

ஊருக்கு வந்ததும் கடைக் கதவைச் சாத்தினேன். இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, பத்திரத்தின் மேல் வேட்டித்துணியைப் போட்டுத் தேய்த்து, பிளாஸ்டிக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு விரல் அகலம் சுத்தமாகப் பிரிந்து வந்தது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு எதிரில் நின்றாள்.

“ஏலே, மெதுவா.”

எனக்கு ஆசை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பிளாஸ்டிக்கோடு தாளின் மேல்தோலும் சேர்ந்து உரிந்தது. முதலில் பச்சைக் கரை, பிறகு முத்திரை, பிறகு டைரக்டர் கையெழுத்து. என் கையில் இருந்த பிளாஸ்டிக்கில் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேசையில் இருந்தது வெறும் சக்கை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். “ஈரம் படக்கூடாதுன்னுதானே செஞ்ச” என்று அக்கா முதுகைத் தடவினாள். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்தச் சக்கையையும் பிளாஸ்டிக்கையும் ஒரு கவரில் போட்டு மறுபடி பழனிக்குப் போனேன். மூன்று தடவை போனேன். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் வரைக்கும் அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஆபீசைப் பூட்டிக்கொண்டு அந்தப் பெண் என்னைத் தாண்டி இறங்கிப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா பேரில் செக் வந்தது. களத்தைச் சுற்றி அதற்குள் புதுக் கம்பெனி கம்பிவேலி போட்டிருந்தது. ஊற்று வேலிக்கு உள்ளே. அக்கா செக்கோடு நேரே கடைக்கு வந்தாள்.

“இதுக்கு லேமினேஷன் போடு.”

“அக்கா, போட்டா பேங்க்ல வாங்க மாட்டாங்க.”

“தெரியும்ல. அதுக்குத்தான் சொல்றேன்.”

“காச வாங்கலைன்னா நெலம் திரும்பி வந்துருமா?”

“வராது. அதுக்காக இந்த வெலைக்குக் குடுத்தேன்னு இருக்கக் கூடாது. வெரசா போடு, மழை வருது.”

மிஷினைப் போட்டேன். சூடேறி விளக்கு எரிவதற்குள் ஒரு உறையை எடுத்து வைத்துக்கொண்டேன். விளக்கு எரிந்தது. எனக்குக் கை வரவில்லை. அக்கா என்னிடமிருந்து உறையை வாங்கி, செக்கை நடுவில் வைத்து, தானே உள்ளே விட்டாள்.