அக்காவுக்குக் கேட்டதெல்லாம்

எங்கள் வீட்டில் ஒரு மேதை இருக்கிறாள். காது மெஷினுக்கு அச்சு செய்வது அவள் வேலை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இனி அப்படிப் பார்க்க வேண்டாம் என்றுதான் என் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சின்ன வயதில் அக்கா மேல்வகுப்புப் புத்தகங்களைக் கதைப்புத்தகம் மாதிரி படித்துத் தள்ளுவாள். பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்து சோதனையெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, இது அபூர்வமான குழந்தை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் அதே குழந்தை, மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் பட்டை உறுத்துகிறது என்று அழும். பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் இவளுக்குச் சோறு இறங்காது. இவ்வளவு அறிவு இருக்கிறது, இதைத் தாங்க முடியவில்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். அறிவு ஒரு பக்கம், அடம் ஒரு பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்குச் சொட்டுச் சொட்டாக வருவதெல்லாம் அவளுக்குக் கொட்டுகிறது, பாடமும் அப்படித்தான், சத்தமும் அப்படித்தான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

கல்லூரி விடுதியின் இரைச்சல் தாங்காமல் முதல் வருடமே திரும்பி வந்துவிட்டாள். கொஞ்ச நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் தானே தேடிக்கொண்ட வேலைதான் இது. காது கிளினிக்கின் பின்னறையில், ஜன்னலை ஒட்டி அவள் மேஜை. வருகிறவர்களின் காதுக்குள் களிமாவு மாதிரி ஒன்றை வைத்து, இறுகியதும் எடுத்து, அந்தக் காதுக்கு மட்டுமே பொருந்துகிற அச்சைச் செய்வாள். விளிம்பைத் தேய்த்துத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் ஓட்டிப் பார்ப்பாள். துளி உறுத்தினாலும் மறுபடி தேய்ப்பாள்.

பெரியப்பாவுக்கு இந்த வேலையைக் கிண்டல் செய்வது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. காபியை உறிஞ்சிக்கொண்டே, ராக்கெட் விடும் என்று பார்த்தால் நம்ம மேதை காதுக்கு மூடி செய்கிறதே என்பார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தபடி தலையாட்டுவார். அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஒருமுறை பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள்: "பெரியப்பா பேசறது எனக்கு ஒண்ணுமில்லடி. அப்பா சிரிக்கிறார் பாரு, அதான்."

அப்பாவுக்குத் தன்மேல் ஏமாற்றம் என்று முடிவே கட்டிவிட்டாள். அவர் தன்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம் என்று நினைத்தாள். நேராகக் கேட்கலாமே என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றாள்.

அப்பா தகரப் பட்டறைக்காரர். ஆயுசு பூராவும் சுத்தியல் சத்தத்தில் நின்றவர். காது போய்க்கொண்டிருந்ததை எங்களிடம் மூச்சு விடவில்லை. உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். பின்னால் வந்த வண்டியின் ஹாரன் கேட்காமல் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. தினமும் காதுகளோடு புழங்குகிற அக்காவே விக்கித்துப் போனாள்.

மெஷின் வந்தது. அச்சை அக்காதான் செய்தாள். போட்டுக்கொண்ட கொஞ்ச நேரத்திலேயே அப்பா பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டார். பேப்பர் மடிக்கிற சத்தம் இடி மாதிரி இருக்கிறதாம். குழாய்த் தண்ணீர் தலைக்குள் விழுகிறதாம். ஊரில் எல்லாரும் போட்டுக்கொள்ளவில்லையா, உங்களுக்கு மட்டும் என்ன என்று அம்மா பிடித்துக்கொண்டார்.

"திட்டாதம்மா, நிஜமாவே வலிக்கும்" என்றாள் அக்கா.

ஃபேனை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். மெஷினின் சத்தத்தைக் குறைத்து மாட்டிவிட்டு, அப்பா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தாள். இன்றைக்கு இந்த அறை மட்டும் போதும், சமையலறையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்பா அவளையே பார்த்தார்.

"உனக்கு எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

அக்கா தலையாட்டினாள்.

"இதோடயா நீ அவ்ளோ படிச்ச?"

அக்கா குனிந்து அவர் காதில் அச்சைச் சரிசெய்தாள். 

அந்த ஞாயிறு பெரியப்பா வந்தார். காபி வந்தது, கூடவே அந்த மேதை-மூடிக் கிண்டலும் வந்தது. நான் பழக்கதோஷத்தில் அப்பா முகத்தைப் பார்த்தேன். காதில் மெஷின் இருந்தது, சிரிப்பு இல்லை.

"என்னண்ணே சொன்னீங்க?"

பெரியப்பா குஷியாக இன்னொரு தடவை சொன்னார்.

"இவ்ளோ நாளா இதைத்தான் சொல்லிட்டிருந்தீங்களா? டம்ளர் வாயை மறைச்சுக்கும், எனக்கு ஒரு எழவும் கேக்கலண்ணே. நீங்க சிரிப்பீங்க, நானும் சிரிச்சு வைப்பேன்."

அக்கா டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"நீ மெதுவாப் பேசுவியா, எனக்கு ஒண்ணும் பிடிபடாது. திரும்பத் திரும்பக் கேட்டா உனக்குக் கஷ்டமேன்னு பேசறதையே விட்டுட்டேன். வேற எதுவும் இல்லம்மா."

 பெரியப்பா தொண்டையைச் செருமினார். தனக்கும் இடது காதில் என்னவோ அடைக்கிற மாதிரி இருக்கிறது, பாப்பா ஒரு நாள் பார்க்குமா என்று கேட்டார். அம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடினார். அந்த மனிதரை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அவர் போனபிறகு அக்கா அப்பாவிடம் பேச ஆரம்பித்தாள், அவளுடைய அதே மெல்லிய குரலில். அச்சை மாட்டினாலே அலறுகிற ஒரு குட்டிப் பெண்ணைப் பற்றி, அவளுக்காக விளிம்பை எத்தனை தரம் தேய்க்க வேண்டியிருந்தது என்பதைப் பற்றி. எங்கள் வீட்டுக்கு இப்படி ஒருத்தி கிடைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"இப்ப அந்தக் கொழந்த அழாம போட்டுக்குதா?" என்று கேட்டார் அப்பா.

"போட்டுக்குதுப்பா. கழட்டத்தான் மாட்டேங்குது."