ஸ்வேதா சொல்லாத பெயர்

"எந்தக் கம்பெனிம்மா?" என்று சார் மூன்றாவது தடவை கேட்டபோது, ஸ்வேதா இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் நானும் இருந்தேன்.

செகந்திராபாத்தில் சார் நடத்திய ஒரு சட்ட நிறுவனத்தில் நான் ஆபீஸ் மேனேஜராக இருந்தேன். இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் மெயில்களைப் பிரிப்பதும் என் வேலை. பெரும்பாலானவை ஒரே அச்சு. 'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' என்று தொடங்கி, நடுவில் வேறொரு ஆபீஸின் பெயர் மாற்றப்படாமல் கிடக்கும். எந்த மாதம் வர முடியும் என்பதை மட்டும் யாரும் எழுதமாட்டார்கள். படித்துப் படித்து எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ஸ்வேதாவின் மெயில் சின்னது. எந்த செமஸ்டர், எப்போதிலிருந்து எதுவரை வருவாள், காண்ட்ராக்ட் வேலை ஏன் பிடிக்கும், முன்பு எந்த வக்கீலிடம் இருந்தாள் என்பதோடு சரி. உடனே கூப்பிட்டேன். அவள் அப்பாவுக்கு ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் வேலை. காலேஜ் அவ்வளவாகப் பெயர் தெரியாதது. சிபாரிசு செய்ய ஆள் கிடையாது.

"எங்கெங்கேயோ அனுப்பிட்டேன் ஆன்ட்டி. ரிப்ளை வந்தது இங்கேருந்து மட்டும்தான்," என்றாள்.

இன்டர்வியூவில் சார் கேட்டார்: "அந்த வக்கீல்கிட்ட என்ன டிராஃப்ட் பண்ணினீங்க?"

"ஒரு நோட்டீஸுக்கு ரிப்ளை சார். சப்ளை காண்ட்ராக்ட் மேட்டர். ஃபார்மா கம்பெனிக்காக."

"ஜீடிமெட்லாவா? எந்தக் கம்பெனி?"

எனக்குச் சுரீர் என்றது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனிமேல் அதன் சப்ளையர் போட்ட கேஸை நடத்துவது நாங்கள். எதிர்த்தரப்பு வக்கீல், இவள் முன்பு இருந்த அதே வக்கீல்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் சொன்னாள்: "ஸாரி சார், பேர் சொல்ல முடியாது. என்னை நம்பி ஃபைலைக் குடுத்தாங்க. காலேஜ்ல நானா எழுதின டிராஃப்ட் இருக்கு, அதை வேணா பாருங்க."

"ஹவ், சரி. நீங்க போலாம்," என்றார் சார் தன் ஹைதராபாத் பேச்சில்.

"போச்சு ஆன்ட்டி," என்று வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு முன்னால் வந்த பையன் பெரிய காலேஜ். வேறொரு ஆபீஸில் எழுதிய பெட்டிஷனைக் கட்சிக்காரர் பெயரோடு அப்படியே நீட்டியிருந்தான். சார் அதை ரசித்துப் படித்ததை நான் பார்த்தேன்.

சாயங்காலம் கேட்டேன்: "அந்தப் பையனுக்கு மெயில் போட்டுடவா சார்?"

"நக்கோ, வேண்டாம். நாளைக்கு நம்ம ஃபைலும் அவன் பையில போகும். அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. ஆனா வேற டீம்ல போடுங்க. சப்ளையர் ஃபைல் இருக்குற ரூம் பக்கமே விடாதீங்க."

"அவதான் வாயே திறக்கலையே சார்?"

"அவ திறக்கமாட்டா ரீட்டா. நம்மாளுங்க கேட்பாங்க. இன்னைக்கு நானே மூணு தடவை கேட்டேன்ல?"

மெயிலில் தேதி எழுதுங்கள், ஆபீஸ் பெயரை மாற்றுங்கள் என்று மாணவர்களுக்கு இன்றும் சொல்கிறேன். கதவு வரை கொண்டுவிட அது போதும். உள்ளே போனபின், வேலை தருகிறவரே கேட்டாலும் சொல்லக்கூடாதது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் எழுந்து வந்த பெண்ணுக்கு அன்று மெயில் அனுப்பியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.