நான் கீறிய பங்கர்

சென்ற ஆண்டு இலையுதிர் காலம். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் சூடான் நாட்டுக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். கணவனை இழந்த அவருடைய தங்கை, இரண்டு பிள்ளைகளோடு அங்கே சண்டைக்குள் அகப்பட்டிருந்தாள்.

எனக்கு எதையும் துருவித் துருவிக் கேட்கும் குணம். சாப்பாட்டு இடைவேளையில் அவரை விடமாட்டேன். யாரோடு யார் சண்டை, இரு படையும் நேருக்கு நேர் நிற்கும் முன்னரங்கு எங்கே என்று கேட்பேன். அவர் டெனிஷில் சொன்ன பதில்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. முன்னரங்கு என்று ஒன்று கிடையாதாம். நேற்று இந்தப் பக்கம் நின்றவர்கள் இன்று அந்தப் பக்கமாம். தங்கச் சுரங்கத்துக்காகவும் அடிபாடாம். குண்டு போட வரும் ட்ரோனில் ஆளே இருக்காதாம்.

வானத்தால் எது வந்தாலும் பங்கர்தானே பாதுகாப்பு? யாழ்ப்பாணத்தில் சண்டைக்காலத்தில் நாங்கள் வெட்டிப் பதுங்காத பங்கரா! அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, குழி, மேலே மரக்குற்றி, மண்மூட்டை, வாசல் எல்லாம் அளவோடு பேனையால் படமாகக் கீறினேன். அவர் கோப்பி எடுக்கப் போயிருந்தார். மேசையில் கிடந்த அவருடைய போனில் தங்கையோடு எழுதிக்கொண்டிருந்த பக்கம் திறந்திருந்தது. அந்தப் போனிலேயே அதைப் படம் எடுத்து நானே அவளுக்கு அனுப்பிவிட்டேன். உதவி செய்த பெருமை வேறு.

திரும்பி வந்து பார்த்தவருக்கு முகம் வெளிறிப்போனது.

"என்ன வேலை செய்துபோட்டீர்! அவள் இண்டைக்குத்தான் எல்லைக்கு வெளிக்கிடுறாள். வழியிலை துவக்கோடை நிக்கிறவங்கள் முதல்லை போனைத்தான் வாங்கிப் பாப்பாங்கள். இந்தப் படம் கிடந்தால் உளவாளி எண்டு கொண்டுபோயிடுவாங்கள்."

டெனிஷில் சொன்னாலும் எனக்கு அது அப்படித்தான் கேட்டது. உடனே அழித்தார். ஆனால் படம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவளுடைய போனில் எங்காவது தங்கியிருக்குமோ?

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும் எண்ட நினைப்பு. அந்தப் பிள்ளையளுக்கு ஏதும் நடந்தால்?" என்று மனைவி ஏசினார்.

நாலாம் நாள் இடைவேளையில் அவருடைய போன் அடித்தது. தங்கை எல்லை தாண்டிவிட்டாள். மூன்று இடத்தில் போனைக் கிண்டினார்களாம். ஒன்றும் அகப்படவில்லை. வெளிக்கிடுமுன் போனில் உள்ளதை முழுதாகத் துடைத்து அழிப்பதுதான் அங்கே எல்லோரும் செய்யும் முதல் வேலையாம். என் பங்கர் படத்தோடு, செத்துப்போன கணவனின் ஒரே படத்தையும் அவள் தன் கையாலேயே அழித்திருந்தாள்.

எல்லாச் சண்டையும் எனக்குத் தெரிந்த சண்டைதான் என்று நினைத்திருந்தவன் நான். இப்போதும் அவரிடம் கேள்வி கேட்கிறேன், ஆனால் பதில் முடியும்வரை கையைச் சும்மா வைத்திருக்கிறேன்.