அப்பா பெயர் இருந்த பூ

அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. கட்டியவர் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று வளர்க்கப்பட்டவள். தபால்காரர் கேட்டால்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் சொல்லச் சொல்வாள். "இந்தாங்க" என்ற ஒரே சொல்லில் அவர்கள் குடித்தனம் ஓடியது.

எங்கள் காஜா பேராங் தெரு வீட்டுக்குப் பின்னால் முழுக்க ஆர்க்கிட் சாடிகள். காட்டு ஆர்க்கிட் ஒன்றின் மகரந்தத்தைத் தீக்குச்சி முனையில் எடுத்து, வீட்டு ஆர்க்கிட் பூவில் ஒட்டியவர் அப்பா. காய் பிடித்து, விதை முளைத்து, அது பூக்க வருஷக்கணக்காகும். அவருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை, நெஞ்சுவலியில் போய்விட்டார். பிறகு அம்மாதான் தண்ணீர் ஊற்றி அதைப் பூக்க வைத்தாள். பழுப்புப் புள்ளி போட்ட மஞ்சள் பூ.

புதிய கலப்பினம் என்றால் ஒரு பெயர் வைத்து இங்கிலாந்தில் பதிய வேண்டும். என்ன பெயர் வைக்கலாம் என்று ஆர்க்கிட் சங்கச் செயலாளர் கேட்டபோது, அம்மா சுவரிலிருந்த அப்பா படத்தைக் காட்டினாள். பெயரைச் சொன்னது நான்.

அதன்பின் அம்மாவுக்கு வாய் திறந்துகொண்டது. சொல்வது பூவின் பெயர்தானே, குற்றமில்லை! பெயரைச் சொல்லி, மொட்டு விட்டிருக்கிறது என்பாள். வெயிலில் நிற்கிறது என்பாள். தேவையே இல்லாமலும் சொல்வாள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் செயலாளர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு சிக்கல். உங்க வீட்டுக்காரர் எடுத்த காட்டுச் செடியும் இன்னொரு செடியும் வேற வேற இனம்னு நெனச்சிருந்தாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு இப்ப இங்கிலாந்துல முடிவு பண்ணிட்டாங்க. அந்த இன்னொண்ண வச்சு இதே கலப்ப ஒருத்தர் முன்னாடியே பதிஞ்சிட்டாரு. முதல்ல பதிஞ்ச பேருதான் நிக்கும்."

"என்ன பேரு?" என்றேன்.

தயங்கிச் சொன்னார். யாரோ ஒரு தோட்டத்துத் துரையின் மனைவி பெயர்.

"அப்ப உங்கப்பா இனிமே அந்த வெள்ளைக்காரி பேர்லயா இருக்கணும்?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் புறக்கடையை எட்டிப் பார்த்திராதவர்கள், உலர்ந்த செடியை மேசைமேல் வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். கொடியை இறக்கிக்கொண்டு போனார்கள், பெயர் வைக்கும் அதிகாரத்தை மட்டும் விட்டுப் போகவில்லை. செயலாளரிடம் கத்தித் தீர்த்தேன். பாவம், அவர் அம்மா கொடுத்த கோப்பியைத் தொடாமலே எழுந்து போனார்.

அடுத்த கண்காட்சியில் எங்கள் செடிக்கு முன்னால் துரைசானி பெயர் எழுதிய அட்டை நின்றது. பரிசு வேறு கிடைத்தது, வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நம்ம வீட்ல பழைய பேர்லயே கூப்பிடுவோம்மா. எவன் வந்து கேக்கப் போறான்?"

அம்மா சாடியைக் கீழே வைத்தாள். "அது எப்படிடி? இனிமே அது பூவோட பேரு இல்லையே. சொன்னா, உங்கப்பா பேரைச் சொன்னதா ஆயிடும்."

மறுநாள் காலை தண்ணீர் ஊற்றப் போனவள், அந்தச் செடி முன்னால் நின்று, "இந்தாங்க" என்றாள்.