அத்தை அரைத்த சட்னி

எனக்குக் கடலை ஆகாது. சின்ன வயதில் அவித்த கடலை தின்று முகம் வீங்கியதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் நிலக்கடலை வந்ததில்லை. சுற்றிலும் கடலை விளையும் சங்கரன்கோவிலில் அப்படி ஒரு வீடு இருப்பது விருந்தாளிகளுக்குச் சங்கடமாக இருந்தது. கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேலநீலிதநல்லூரில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, இதை நம்பவே இல்லை. அவள் காட்டில் கடலைதான் போட்டிருந்தார்கள். தன் காட்டில் விளைந்தது தம்பி மகளுக்கு ஆகாது என்பதை அவள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டாள்.

"செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கிய. கொஞ்சங் கொஞ்சமாப் பழக்குனா சரியாயிரும்" என்பாள்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தவள் பழக்க ஆரம்பித்தாள். காலையில் தோசைக்கு அவள்தான் சட்னி அரைத்தாள். ருசியாகவே இருந்தது. சாப்பிட்டு முடிக்கும் முன்பே நாக்கு அரித்தது. உதடு தடித்தது. அப்புறம் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. அம்மா திருநீறு எடுக்க ஓடினாள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். திருவிழாக் கூட்டத்தில் சைக்கிள்கூடப் போக முடியாது. "பிள்ளைக்கு முடியல, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு அத்தை முன்னால் ஓடினாள்.

டாக்டர், "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்.

"தோசையும் தேங்காய்ச் சட்னியும்" என்றார் அப்பா.

"கடலையும் போட்டேன் ஐயா" என்றாள் அத்தை.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"ஒரு கை."

டாக்டர் வேறெதுவும் கேட்காமல் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது. வீட்டுக்குக் கிளம்பிய எங்களை அவர் விடவில்லை. மறுபடியும் மூச்சுத் திணறல் வரலாம் என்று சாயங்காலம் வரை அங்கேயே படுக்க வைத்திருந்தார். நாங்கள் போகும்போது அத்தையிடம், "இது பழக்குத விஷயம் இல்லம்மா. இன்னொரு தடவ ஆனா இங்க வந்து சேரதுக்குள்ள உயிர் போயிரும்" என்றார்.

அத்தை அழவில்லை. மறுநாள் ஊருக்கும் போகவில்லை. என் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பு டீச்சரிடம் சொன்னதோடு நிற்காமல், பிள்ளைகளைப் பார்த்து, "இவளுக்கு யாராவது கடலை மிட்டாய் குடுத்திய, வீட்டுக்கே வந்துருவேன்" என்றாள். என்னுடன் பேசவே கொஞ்ச நாள் எல்லோரும் பயந்தார்கள்.

கல்யாண வீடுகளில் நேராகச் சமையல் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவாள். ஒருமுறை சமையல்காரர் எரிச்சலோடு, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார்.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. வடை எந்த எண்ணெயில சுட்டிய?"

"கடலெண்ணெய்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெறும் சோறும் மோரும் வாழைப்பழமும் என் இலைக்கு வந்தன. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் அதையே வைக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு வடை பிடிக்காதுட்டி" என்றாள். அவளுக்கு வடை என்றால் உயிர்.