பக்கத்துக் கட்டில் ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்காவுக்குக் கிடைக்காத ஒன்றை நான் வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தும் அவருக்கு என்மேல் ஏன் பொறாமை வரவில்லை?

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைச் சிகிச்சை நிலையத்துத் தாதி தொலைபேசியில் சொன்னார்: "மிஸ், ஸ்டெல்லா அக்கா இண்டைக்குக் காலமை போயிட்டா. ஹார்ட்." வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணித்தியாலம், இரண்டு வருடமாக அடுத்தடுத்த கட்டில்களில் படுத்து நாங்கள் டயலிசிஸ் செய்துகொண்டோம். அக்கா கொட்டாஞ்சேனையில் பாடசாலைச் சீருடை தைத்தவர். அவரை அறிந்த உங்களுக்கு அந்த உரத்த குரல் நினைவிருக்கும்.

முதல் மாதம் காலி வீதிக் கடையொன்றில் ஒரு தம்பிலி வாங்கிக்கொண்டு போனேன். சிறுநீரகத்துக்கு நல்லதென்று எங்கள் வீட்டில் எல்லோரும் குடிக்கும் செவ்விளநீர். வாயில் வைக்குமுன் அக்கா பறித்துவிட்டார்.

"உமக்கென்ன விசரே? கம்பஸ்ல படிச்சனான் எண்டு சொன்னீர்! இதில பொட்டாசியம். நல்ல கிட்னி அதை மூத்திரத்தில வெளியேத்தும். எங்கட கிட்னிக்கு ஏலாது. இரத்தத்தில சேந்து நெஞ்சை நிப்பாட்டிப்போடும்."

மருத்துவர்களும் இதைச் சொல்லியிருந்தார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை.

என் தம்பி ரவி தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்திருந்தான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மிஞ்சும் ஒன்றோடு அவன் நன்றாக இருப்பான் என்பதை நான் நம்பவில்லை, மறுத்துவந்தேன். ஸ்டெல்லா அக்காவுக்குத் தர முன்வந்தது அவருடைய ஒரே தங்கைதான், அவளுடைய சிறுநீரகம் பொருந்தவில்லை.

"டெஸ்டுக்கு ஒருக்காப் போய்ப் பாருமன்," என்பார் அக்கா. "பொருந்தாட்டி என்னோட கதைச்சுக்கொண்டு கிடவும்."

"பொருந்தினா?"

எங்களுக்கு நாளொன்றுக்கு அரை லீற்றர் தண்ணீர்தான் அளவு. அதற்கு மேல் குடித்தால் உடம்பு வெளியேற்றாது, வீங்கும்.

"பொருந்தினா, வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு எனக்கொரு போன் எடும். கேட்டுச் சந்தோசப்படுறன்."

செவ்வாய்க்கிழமை அடக்கம். சவப்பெட்டிக்கு அருகில் நின்று எந்தச் சபதமும் எடுக்கவில்லை. அது எனக்கு வராது. நம்பாவிட்டாலும் பரிசோதித்துப் பார்க்கலாம் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து ரவிக்குத் தொலைபேசியில் பேசினேன்.

மறுநாள் நடந்தது இது. பரிசோதனைக்கூடத்தில் இருவரும் இரத்தம் கொடுக்கப் போனோம். முடிவு வர இரண்டு கிழமையாகும் என்றார்கள். ஊசியைக் கண்டதும் ரவி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அக்கா, கிட்னி எடுக்கேக்க மயக்கிப்போட்டுத்தானே எடுப்பினம்?"

"ஓம்."

"அப்ப சரி," என்று கையை நீட்டினான்.