ஆவடியில் கண்டெடுக்கப்பட்டவர்

"இம்மாம் படிப்பு படிச்சிட்டு, மீசை மொளச்ச பசங்களுக்கு மூக்கு தொடைக்கவா போற?"

கேட்டவர் என் பெரியப்பா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. வருகிறவர் போகிறவரை நிறுத்தி எங்கே, எதற்கு என்று கேட்டுக் கேட்டே பழகியவர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காவல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் அதற்குச் சுவர் வைக்கப் போனவர்கள். ஆகவே என் படிப்பு கூட்டுக் குடும்பச் சொத்து. அதைப் பற்றிப் பேச எல்லாருக்கும் பாத்தியதை உண்டு. சிறப்புக் கல்வியில் பட்டம் வாங்கினேன் என்றதும், கலெக்டருக்கு ஒரு படி கீழே என்று நினைத்துத் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார்கள். என்ன வேலை என்று தெரிந்தபோது, கொடுத்த ஜிலேபியைத் திருப்பிக் கேட்காததுதான் குறை.

நான் வேலை பார்க்கும் மையத்துக்கு வருகிறவர்கள் அவரவர் மூக்கை அவரவரே கைக்குட்டையில் துடைத்துக்கொள்கிறார்கள். பெரியப்பா வேட்டி நுனியில் துடைப்பார்.

மையம் என்பது பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீடு. கற்றுக்கொள்வதிலும் புரிந்துகொள்வதிலும் சிரமம் உள்ள பெரியவர்கள் காலையில் வந்து, மருந்துக்கடைகளுக்குக் காகித உறை ஒட்டி, மிதியடி பின்னி, மாலையில் வீடு திரும்பும் இடம். 'பெரியவர்கள்' என்பது என் சொல். ஊரில் மற்ற எல்லாருக்கும் அவர்கள் குழந்தைகள். தலை நரைத்த குழந்தைகள். சர்க்கரைக்கு மாத்திரை போடும் குழந்தைகள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வீட்டில் பிறந்தநாளோ கல்யாண நாளோ திவசமோ வந்தால் கேக்கும் சாம்பார் சாதமும் தூக்கிக்கொண்டு எங்களைப் போன்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். உடனே பசைக் கிண்ணங்களை ஓரம் கட்டிவிட்டு எங்கள் ஆட்கள் வரிசையாக உட்கார வேண்டும். முன்பின் பார்த்திராத ஒரு குட்டிப்பையனுக்காகக் கைதட்டிப் பாட வேண்டும். பதிலுக்குக் கலர் பென்சில், பலூன், முயல் படம் போட்ட பனியன் எல்லாம் கிடைக்கும். "இவங்க கடவுளோட குழந்தைங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்துவிட்டுப் போவார்கள். கடவுளின் குழந்தைகளுடைய கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒருமுறை ஒரு அம்மாவிடம் சொன்னேன். அடுத்த மாதம் இன்னும் பெரிய கேக் வந்தது.

அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கு வயது நாற்பது. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். தன்னைவிடச் சின்னவர்கள் அப்படிக் கூப்பிடாவிட்டால் அவர் திரும்பமாட்டார். வேப்பம்பட்டில் அம்மாவும் அவரும் மட்டும். அம்மா ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். தினமும் காலையில் மகனை லோக்கல் ரயிலில் ஆவடிக்குக் கூட்டி வந்து, ஷேர் ஆட்டோவில் மையத்தில் விட்டுவிட்டு, திரும்ப ஓடிப்போய் உலை வைப்பார். போன மழைக்காலத்தில் அவருடைய முழங்கால் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தின் நடுப்படியில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தார்.

"இனிமே என்னால ஏறி எறங்க முடியாது பாப்பா. முன்ன மாரி ஊட்ல வெச்சி பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்."

அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மையத்துக்கு வருவதற்கு முன் அண்ணனின் பகல்கள் அப்படித்தான் போயின. வெளியே பூட்டு, உள்ளே டிவி, மூடிவைத்த ஒரு தட்டு சோறு. எங்கள் வேன் பட்டாபிராமைத் தாண்டாது. தாண்டினால் டீசல் கட்டுப்படியாகாதாம். ஆக, அண்ணன் தனியாக வந்துபோகப் பழக வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் பூட்டு.

அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் வேப்பம்பட்டில் ஏறினால் ஆவடி ஐந்தாவது நிறுத்தம். ரயில்வே தெரியாமல் செய்த ஒரே உதவி அது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும், கை முழுக்க மூடியதும் இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எதிர் வரிசையில். பிறகு பெட்டியின் கடைசியில். ஒருநாள் வண்டி சிக்னலுக்கு நின்றபோது விரலை மடக்கிக்கொண்டு கதவுக்கு வந்துவிட்டார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"பிளாட்பாரம் இல்லாம நின்னா மடக்கக் கூடாதுண்ணே."

"அப்ப இன்னாத்துக்கு நிக்கிறான்?"

"எனக்கும் தெரியாது."

"படிச்சவதான நீ?"

இந்தப் பயிற்சியில் எங்கள் நிர்வாகியும் பங்கெடுத்துக்கொண்டார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், எதிலும் பாதுகாப்பு பார்ப்பவர். அண்ணன் கழுத்தில் தொங்கவிட ஒரு பெரிய அட்டை அடித்துக்கொண்டு வந்தார். முன்பக்கம் கொட்டை எழுத்தில், 'மனவளர்ச்சி குன்றியவர். இவரைக் கண்டால் உடனே தெரிவிக்கவும்.' கீழே மையத்தின் தொலைபேசி எண். பின்பக்கம், அட்டைக்கு உதவிய பாத்திரக்கடையின் விளம்பரம். மாடு மேய்ப்பவர்கள்கூட மாட்டுக்கு இதைவிடச் சின்ன மணிதான் கட்டுவார்கள் என்று சொல்ல நினைத்தேன். மாதக் கடைசியாக இருந்ததால் சொல்லவில்லை.

அண்ணன் முதன்முதலாகத் தனியாக வரவேண்டிய நாள் வந்தது. அம்மா வேப்பம்பட்டில் ஏற்றிவிட்டுப் போன் செய்தார். நான் பின்தொடரக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. மையத்து வாசலில் நின்றேன். உள்ளே யாருக்கோ முதல் பிறந்தநாள். மைக் செட் வைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோக்கள் வந்தன, போயின. அண்ணன் வரவில்லை. நான் மூன்றாவது முறையாகத் தெருமுனை வரை போய்த் திரும்பியபோது மையத்தின் நன்கொடையாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுந்தது.

அண்ணன்தான். முயல் பனியன், கழுத்தில் அட்டை, இறுக மூடிய கை. கீழே எழுதியிருந்தார்கள்: 'ஆவடி ரயில் நிலையத்தில் இந்தக் குழந்தை தனியாகத் தவித்துக்கொண்டிருந்தது. பயத்தில் கையைக்கூடத் திறக்கவில்லை. பெற்றோரிடம் சேரும் வரை பகிரவும்.' கும்பிடும் கைகள் ஒரு வரிசை.

குழந்தை தவிக்கவில்லை. சரியான வண்டியில் ஏறி, விரல் தவறாமல் மடக்கி, சரியான இடத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறி, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டிருந்தார். அங்கேதான் ஒரு நல்லவர் அட்டையைப் படித்தார். கண்டால் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறதே, கண்டுவிட்டார். ஆவடியில் அன்று காலை நல்லவர்கள் நிறைய இருந்தார்கள். ஆளாளுக்குப் பிடித்து, "பயப்படாத கண்ணா" என்று தேற்றி, ஸ்டேஷனில் ஒரு பெண் காவலரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அட்டையிலிருந்த எண்ணுக்கு அவர் பலமுறை அடித்திருக்கிறார். பிறந்தநாள் பாட்டில் யாருக்கும் மணி கேட்கவில்லை.

நான் போனபோது அண்ணன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"இன்னாண்ணே ஆச்சு?"

"ஏரிக்குப் போவணும்னு சொன்னேன். பிஸ்கட்டு குடுத்தாங்க."

அன்று பிற்பகல் நிர்வாகியின் அறையில் விசாரணை. நான், அண்ணன், அண்ணனின் அம்மா. அம்மா விடுதியில் பாதிச் சமையலை விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வந்திருந்தார்.

"ஏதோ நல்லவங்க கையில கெடைச்சான். இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?" என்றார் நிர்வாகி. "இந்த டிரெயின் பயிற்சி எல்லாம் இதோட நிறுத்திக்கலாம்மா."

"சார், அவர் சரியா ஏறினார், சரியா இறங்கினார், சரியான எடத்துல நின்னார். இதுல தப்பு பண்ணது யாரு?"

"வக்கீல் மாதிரி பேசாதம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைத்தான் கேக்கும்."

"நாளைக்கும் பிஸ்கட்டு குடுப்பாங்களா?" என்று கேட்டார் அண்ணன், மிகச் சரியான நேரத்தில்.

நிர்வாகி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வழக்கு முடிந்தது என்று பொருள். அண்ணனின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தொலைஞ்சவன் எங்க போவணும்னு சொல்வானா சார்? இவன் சொல்லிகினுதான் இருந்திருக்கான். எவனாவது காதுல வாங்கினானா?"

"இல்லம்மா, உங்க பிள்ளை நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குன்னா ஒரு பூட்டு வாங்கிக் குடுத்துடுங்க சார். ஊட்ல இருக்கிறது துரு புடிச்சிகீது. கொஞ்சம் பெருசாவே வாங்குங்க, அதுலயும் கடை பேர அடிச்சிக்கலாம்."

வங்கியில் எத்தனையோ பேருக்குக் கடன் மறுத்தவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "அப்போ பொறுப்பு உன்னுதுன்னு எழுதிக் குடு" என்று ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். எழுதிக்கொடுத்தேன். என்னைப் படிக்கவைத்ததில் எங்கள் குடும்பத்துக்கு இல்லாத ஒரு லாபம் அன்று நிர்வாகத்துக்குக் கிடைத்தது.

அடுத்த சில நாட்கள் அண்ணனுக்கு ரயில் பாடம் இல்லை. பயணத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லையே. மாற்றவேண்டியது மற்றவர்கள் அவரைப் பார்க்கும் விதத்தை. ஆவடி முழுவதையும் என்னால் படிக்கவைக்க முடியாது. ஆனால் காலை நேரத்தில் தோளில் பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாகப் போகிற ஆணை அங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். என் அப்பா அப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் காலமெல்லாம் வேலைக்குப் போய்வருகிறார். முயல் பனியன் தரை துடைக்கப் போனது. கோடு போட்ட முழுக்கைச் சட்டை வந்தது. அட்டைக்குப் பதிலாக என் எண் எழுதிய சின்னத் துண்டு சட்டைப்பைக்குள். நிறுத்திக் கேட்பவர்களிடம் சொல்ல ஒரு வரி: "வேலைக்குப் போறேன், வழி உடு."

ஒத்திகைக்கு நானே நல்லவராக நடித்தேன். "ஐயோ பாவம், எங்கேருந்து கண்ணா வர்ற? அம்மா எங்க?"

"கண்ணான்னு கூப்டாத. அண்ணன்னு கூப்டு."

"பிஸ்கட் வேணுமா?"

கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். "சாயங்காலம் துன்றேன். இப்ப வேலைக்குப் போறேன், வழி உடு."

அவர் அடுத்து தனியாக வந்த நாளில் நான் வாசலில் நிற்கவில்லை. உள்ளே பசை கலக்கிக்கொண்டிருந்தேன், கட்டி கட்டியாக. செருப்புச் சத்தத்தோடு திட்டும் சத்தமும் சேர்ந்து வந்தது. "ஒக்கார எடமே இல்ல, மேல மேல ஏத்திகினே கீறான். காலை மெரிச்சிட்டான். கம்ப்ளைன்ட் எழுது டீச்சர்!" ஷேர் ஆட்டோவைப் பற்றி ஆவடியில் எல்லாரும் சொல்லும் புகார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பசை நெடி என்று சொல்லிவைத்தேன்.

அந்தப் படம் மட்டும் இன்னும் ஓயவில்லை. மதுரையிலிருந்து ஒருவர் மையத்துக்குப் போன் செய்து, குழந்தை பெற்றோரிடம் சேர்ந்துவிட்டதா என்று விசாரித்தார். குழந்தை காகித உறை ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிறகு பேசும் என்றேன்.

மையத்தில் இன்னொருவர், சென்னீர்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண். அவருடைய அண்ணி பிரசவத்துக்குப் போகிறாள். கூட்டிவர வேறு ஆள் இல்லை. "பொம்பளப் புள்ளம்மா, அதுவும் பஸ்ல" என்று நிர்வாகி ஆரம்பித்தார். அவர் முடிக்கும் வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை காலை சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணோடு ஆவடி பஸ் ஏறினேன். அவர் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில், தெரியாதவள் போல் நின்றுகொண்டேன். கண்டக்டர் வந்ததும் அந்தப் பெண் கையை நீட்டி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி, "பருத்திப்பட்டு ஒண்ணு" என்றார்.